வாசலில் நின்ற சீர்

அத்தியாயம் 17

காலை நாஷ்டாவுக்கு இட்லி வெந்துகொண்டிருந்தபோதுதான் கஸ்தூரிக்கு அந்தச் சேதி தெரிந்தது. அதுவும் யாரும் வந்து சொல்லவில்லை. அவளாகப் போன் போட்டதால் தெரிந்தது.

“அண்ணே, கெளம்பிட்டியா? சீர் கோயில்லருந்து நேரத்தோட பொறப்படணும்.”

மறுமுனையில் இருந்த வேதகிரி அவளுடைய பெரியப்பா மகன்.

“உனக்குத் தெரியாதா கஸ்தூரி? மாப்ள நேத்தே போன் பண்ணிட்டாரே. நீ வரவாணாம், வரதனே வந்து சீர் செஞ்சிடுவான்னாரு. உன்னக் கேட்டுக்கினுதான் சொல்றாருன்னு நெனச்சேன்.”

கஸ்தூரி போனை வைத்தாள். அடுப்பை அணைத்தாள்.

வரதன். இந்தக் குடும்பத்தோடு முதல் வாரத்திலிருந்து கூடவே வருகிறவர்களுக்கு அந்தப் பேர் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு நாலு வரி போதும்.

வரதன், கஸ்தூரியின் கூடப்பிறந்த தம்பி. மாகறலில் இருக்கிறான். போன கோடை லீவுக்கு அங்கே போன கஸ்தூரியின் மகள் கீர்த்தி, லீவு முடியுமுன்பே திரும்பி வந்து, சோறு தண்ணீர் இறங்காமல் சுருண்டு கிடந்தாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண். என்ன நடந்தது என்று அம்மாவிடம் ஒருதரம் சொன்னாள். மகளிர் போலீஸ் இன்ஸ்பெக்டரிடம் ஒருதரம், மாஜிஸ்ட்ரேட் அம்மாவிடம் ஒருதரம் சொன்னாள். இங்கேயும் அவளை இன்னொருதரம் சொல்ல வைக்க வேண்டியதில்லை. செய்தவன் தாய்மாமன். அவ்வளவுதான்.

வரதன் ஜெயிலுக்குப் போனான், ஜாமீனில் வந்தான். கஸ்தூரியின் ஊரான பெருநகருக்குள் கால் வைக்கக் கூடாது, பிள்ளையையோ குடும்பத்தையோ பார்க்கக் கூடாது, ஆள்விட்டுப் பேசக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வெளியே விட்டார்கள். வருகிற திங்கட்கிழமை கீர்த்தி கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும்.

வீட்டு ஆட்களைத் தவிர ஊரில் இது ஒருவருக்கும் தெரியாது. பிள்ளையின் பேர் வெளியே வரக் கூடாது என்பதே சட்டம். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர்கூடச் சாதாரணப் புடவையில், கையில் காய்கறிப் பையோடு வந்து போனார். அந்த மறைப்பு கீர்த்திக்காகப் போட்ட வேலி. அந்த வேலிக்குள் வரதன் போய்ச் சுகமாக ஒளிந்துகொண்டான். எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டதில், ஊர் கண்ணுக்கு அவன் இன்னும் தங்கமான தாய்மாமன்.

கீர்த்தி வயசுக்கு வந்து சில மாதங்கள் ஆகியும் மஞ்சள் நீராட்டு செய்யவில்லையே என்று தெருவே கேட்டது. கஸ்தூரியின் கணவன் மணவாளனின் தங்கை பிருந்தாவுக்குச் செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. அந்த வீட்டாரும் விசேஷம் எப்போது என்று கேட்டார்கள். கஸ்தூரி முதலில் முடியவே முடியாது என்றாள். போன வாரம்தான் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். தாய்மாமன் முறைக்கு வேதகிரி நிற்பான். வரதனுக்கு ஜுரம் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம். மணவாளன் சரி சரி என்று தலையாட்டினான்.

ஆட்டிய அந்தத் தலையைத் தேடிக்கொண்டுதான் கஸ்தூரி இப்போது பந்தலுக்கு வந்தாள்.

மணவாளன் அங்கே இல்லை. மேடையில் போட்டோக்காரர் தமிழரசன் விளக்கைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். உத்திரமேரூரில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்.

“யக்கா, ஒரு டவுட்டு” என்றார். “மாமா பொண்ணுக்கு மாலை போடறது, பொடவைய தோள்ல போடறது, ரெண்டு பேரும் சிரிச்சிக்கினு நிக்கறது. இதெல்லாம் இன்னிக்கே பிரிண்ட் வேணும்னாங்க. பின்னால பேனர்ல கீற தேதியும் போட்டோல தெளிவா விழணுமாம். பேனர கொஞ்சம் எறக்கிக் கட்டிக்கவா?”

“யாரு சொன்னது?”

“மாமாவோட வக்கீலாம். அவரே போன்ல பேசினாரு. திங்கக்கிழமைக்கு முன்னாடி கைக்கு வந்துடணும்னாரு. இன்னாக்கா, மாமா ஃபாரின் கீரின் போறாரா? விசாவுக்கா?”

கஸ்தூரி பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். வக்கீலுக்குப் படித்தவள் இல்லை. ஆனாலும் அந்தப் போட்டோ எதற்கு என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இவர் தப்புச் செய்திருந்தால் பெற்றவர்களே கூப்பிட்டு மாலை போட வைப்பார்களா, இதோ பாருங்கள், அந்தப் பிள்ளையே பக்கத்தில் நின்று சிரிக்கிறது. இதைத்தான் திங்கட்கிழமை நீட்டப் போகிறார்கள்.

கோர்ட்டில் அவன் மூஞ்சியை கீர்த்தி பார்த்துவிடக் கூடாது என்று நடுவில் திரை போடுவார்கள் என இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். ஜட்ஜம்மா பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்பாராம். முன்பின் தெரியாத கோர்ட் அவளுக்குத் திரை போடுகிறது. பெற்ற அப்பன் அவனோடு சேர்த்து நிற்க வைக்க மேடை போட்டிருக்கிறான்.

அவள் பின்பக்கம் போனாள். சமையல் நடக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் மணவாளன் அவனுடைய சித்தப்பா பாண்டுரங்கனோடு நின்றுகொண்டிருந்தான்.

“வேதகிரி அண்ணன ஏன் வரவாணாம்னு சொன்ன?”

“அப்பால பேசலாம் கஸ்தூரி. ஜனங்கோ வர்ற நேரம்.”

“இப்பவே பேசு.”

மணவாளன் சித்தப்பாவைப் பார்த்தான். பாண்டுரங்கன் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டார். ஊரில் எந்தச் சண்டைக்கும் நடுவில் போய் நின்று இரண்டு பக்கமும் தட்டிக்கொடுத்து அனுப்புகிற மனிதர்.

“நான்தாம்மா சொன்னேன். கூடப்பொறந்த தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் கீறப்போ, ஒன்னுவுட்டவன் வந்து மாலை போட்டா ஊரு இன்னான்னு கேக்கும்? பிருந்தாவப் பாக்க வர்றவங்கோ கேக்க மாட்டாங்களா? அவன் வரலன்னாதாம்மா விஷயம் வெளிய வரும். வந்து நின்னுட்டான்னா ஒரு நாயும் வாயத் தொறக்காது.”

“அதுக்காக, செஞ்சவன் கையாலயே அவளுக்கு மாலை போட வைக்கிறீங்களா?”

“கோவப்படாத. நல்லா யோசிச்சிப் பாரு. சட்டத்த இப்ப இன்னும் இறுக்கிட்டாங்கோ. டிவில நீயும்தான் பாத்த. முன்ன மாதிரி உள்ள போயிட்டு ரெண்டு வருசத்துல வர்ற கதை இல்ல. போனா ஆயுசுக்கும் உள்ளதான். அவனுக்கும் ரெண்டு கொயந்தைங்கோ கீது. அதனாலதான் சொல்றேன், சுமுகமா முடிச்சிக்கணும்.”

கஸ்தூரிக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

“சட்டத்த இறுக்கினது அவனுக்கு. மூச்சு உங்களுக்கு ஏன் முட்டுது? சட்டம் கடுமையானா, இனிமே எவனும் புள்ளைங்க மேல கை வைக்க பயப்படுவான்னு நெனச்சேன். நீங்க இன்னாடான்னா, வச்சவன எப்டிக் காப்பாத்தறதுன்னு கூட்டம் போட்டுப் பேசறீங்கோ.”

“மெதுவா பேசு. சமையல்காரங்கோ கீறாங்க.”

“கேக்கட்டும்.” ஆனாலும் குரல் தன்னால் இறங்கியது. கீர்த்திக்காக இறங்கியது. இத்தனை மாதமாக இந்த வீட்டில் இறங்கிப் போனதெல்லாம் கஸ்தூரியின் குரல் ஒன்றுதான். அவள் மணவாளனிடம் திரும்பினாள். “அவன் சீர் செய்ய வரல. போட்டோ எடுக்க வர்றான். கோர்ட்ல காட்டறதுக்கு. அது தெரியுமா உனக்கு?”

மணவாளன் பந்தல் பக்கம் பார்த்தான்.

“கேக்கறேன் இல்ல?”

“தெரியும்” என்றான்.

அவள் எதிர்பார்த்தது அது இல்லை. தெரியாது, என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்வான், உடனே கிளம்பிப் போய் வழியிலேயே வரதனைத் திருப்பி அனுப்புவான் என்று மனசின் ஓரத்தில் ஒரு நம்பிக்கை வைத்திருந்தாள். அந்த நம்பிக்கையை நினைத்து இப்போது அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

“கேஸு நிக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க” என்றான் மணவாளன். “வருசக்கணக்கா இயுப்பாங்க. வாய்தா வாய்தான்னு அவள அலைய வுடுவாங்க. இத்தோட முடிஞ்சா அவ படிப்பப் பாப்பா, பிருந்தாவுக்கும் ஒரு வயி பொறக்கும். நானும் அப்பன்தான் கஸ்தூரி. அன்னிக்கு அவள பைக்ல வச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனவன் நான்தான்.”

“அன்னிக்கு இட்டுக்கினு போனவன் எங்கய்யா? அவனத்தான் தேடிக்கினு கீறேன்.”

அதற்குமேல் அங்கே நிற்க அவளுக்குப் பொறுக்கவில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய்ப் போனை எடுத்தாள். அதில் ‘திலகா டீச்சர்’ என்று ஒரு நம்பர் இருக்கும். உண்மையில் அது மகளிர் காவல் நிலைய இன்ஸ்பெக்டர் திலகாவின் நம்பர். வீட்டில் யாராவது போனை நோண்டினால் தெரிந்துவிடக் கூடாது என்று அந்தப் பேரில் வைத்திருந்தாள். சொந்த வீட்டில், சொந்தப் போனில், தப்புச் செய்தவள் மாதிரி.

விஷயத்தைச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“இப்பவே கிளம்பறேன். ஊருக்குள்ள வந்தாலே ஜாமீன் நிபந்தனைய மீறின மாதிரிதான். நான் வர்ற வரைக்கும் அவன் பிள்ளை பக்கத்துல வரக் கூடாது. சேர்ந்து ஒரு போட்டோகூட எடுக்க விடாதீங்க. இன்னொண்ணு, ஆத்திரத்துல பிள்ளை விஷயத்த ஊர் முன்னாடி போட்டு உடைச்சிடாதீங்க. நாளைக்கு அவதான் அந்தத் தெருவுல நடக்கணும்.”

“செரி மேடம்.”

உள்அறையில் கீர்த்திக்குப் பிருந்தா ஜடை தைத்துக்கொண்டிருந்தாள். மாம்பழ மஞ்சள் பாவாடையில் கீர்த்தியைப் பார்க்க நன்றாக இருந்தது. முகத்தில்தான் ஒன்றும் இல்லை. நாலு பேர் சொன்னார்களே என்று உட்கார்ந்திருந்தாள்.

“மா, வேதகிரி மாமா வந்துட்டாரா?”

கஸ்தூரியால் அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. வேதகிரி மாமா வருவார் என்று சொல்லித்தான் அவளை இந்தப் பாவாடையைக் கட்டிக்கொள்ள வைத்திருந்தாள்.

“வரல கண்ணு. அவரு வரல.”

கீர்த்தி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். எங்கோ கோயில் பக்கம் மேளம் கிளம்பியது. அவள் கை தானாகப் போய்ப் பிருந்தாவின் புடவையைப் பிடித்துக்கொண்டது.

“அவனா?”

“உள்ள வரமாட்டான். அம்மா சொல்றேன் இல்ல, வரமாட்டான்.”

பிருந்தாவுக்கு எல்லாம் தெரியும். அவள் முகம் சிவந்துபோனது.

“எனக்கு வரன் பாக்கணும்னுதான் அவன வரச் சொன்னாங்களா அண்ணி? என்ன ஒருத்தரும் கேக்கலியே. இப்டித்தான் ஒரு கல்யாணம் நடக்கணும்னா எனக்கு அது எதுக்கு?”

“அத்த அப்பால பேசிக்கலாம். கதவ தாப்பா போட்டுக்கோ. உங்கண்ணனே வந்து தட்டினாலும் தொறக்காத.”

தாழ்ப்பாள் விழுகிற சத்தத்தைக் கேட்ட பிறகுதான் கஸ்தூரி அங்கிருந்து நகர்ந்தாள்.

வாசலில் இரும்புக் கேட் ஒன்று உண்டு. விசேஷத்துக்காக இரண்டு பக்கமும் வாழை கட்டி, கேட்டை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். கஸ்தூரி போய் அதை இழுத்துச் சாத்தினாள். கொக்கியைப் போட்டாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த செய்யாறு வீட்டார் என்ன நடக்கிறது என்று புரியாமல் பார்த்தார்கள்.

தெருமுனையில் வேனை நிறுத்திவிட்டு, மேளத்தோடு நடந்து வந்தார்கள். முன்னால் தமிழரசன் வீடியோ கேமராவோடு பின்பக்கமாக அடியெடுத்து வைத்து வந்தார். தெருப் பெண்கள் தட்டு ஏந்தி வந்தார்கள். பழம், ஸ்வீட், பூ, வளையல், நடுத்தட்டில் பட்டுப்புடவை. எல்லாருக்கும் நடுவில் வரதன். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் ரோஜா மாலை. கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான். ஜாமீனில் இருக்கிறவன் என்று யார் சொல்வார்கள்?

கேட் சாத்தியிருப்பதைப் பார்த்து மேளம் தானாக நின்றது.

“இன்னாக்கா, வயிய வுடு. நல்ல நேரம் போவுது” என்றான் வரதன். சிரிப்பை இன்னும் எடுக்கவில்லை.

“திரும்பிப் போ.”

“அக்கா.”

“அக்கா கிக்கான்ன, அவ்ளோதான். திரும்பிப் போ.”

தட்டு வைத்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாண்டுரங்கன் உள்ளேயிருந்து ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் மணவாளன். கேட்டுப் பக்கம் வராமல் பந்தல் கால் ஓரமாக நின்றுவிட்டான்.

“இன்னாம்மா இது? சீர் எடுத்துக்கினு வந்த தாய்மாமன வெளிய நிக்க வச்சிக்கினு. ஊரே பாக்குது. இன்னா காரணம்னு கேட்டா இன்னா சொல்லுவ?” என்றார் பாண்டுரங்கன்.

அவள் சொல்ல மாட்டாள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் அத்தனை பேர் முன்னால் கேட்டார்.

“காரணம் அவனுக்குத் தெரியும்” என்றாள் கஸ்தூரி. “அவனக் கேளுங்க. ஏன் வுட மாட்டேன்றேன்னு அவன் வாயால சொல்லட்டும்.”

எல்லார் முகமும் வரதன் பக்கம் திரும்பியது. தட்டுக்காரப் பெண்கள், மேளக்காரர்கள், செய்யாறு வீட்டார், கேமராவைத் தோளில் வைத்திருந்த தமிழரசன் எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

இத்தனை மாதமாகக் கேள்விகள் எல்லாம் கீர்த்தியைப் பார்த்தே வந்தன. ஏன் தனியாகப் போனாய், ஏன் கத்தவில்லை, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை. முதல்முறையாக ஒரு கேள்வி கேட்க வேண்டிய ஆளிடம் போய் நின்றது. வரதனின் சிரிப்பு போய்விட்டது. நெற்றிச் சந்தனம் வேர்வையில் வழிந்தது. அதைப் பார்க்கக் கஸ்தூரிக்கு நிறைவாகத்தான் இருந்தது. இல்லை என்று எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

ஆனால் வரதன் சாமர்த்தியசாலி.

“வேற இன்னா கீது, சொத்துதான்” என்றான். குரலில் ஒரு அழுகையைக் கூட்டிக்கொண்டான். “எங்கப்பன் நெலத்துல பங்கு வேணுமாம். எய்திக் குடுத்தாதான் சீர் வாங்குமாம். அதுக்கு நல்ல நாள்ல கூடப்பொறந்தவன ரோட்ல நிக்க வச்சி மானத்த வாங்குது.”

நிலத்தைப் பற்றிக் கஸ்தூரி அவனிடம் ஒருநாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவன் சொன்னதும் கூட்டம் ஒரு பெருமூச்சு விட்டு அப்படியே நம்பிவிட்டது. ஏன் நம்பாது? இந்தப் பக்கத்தில் தாய்வீட்டில் பங்கு கேட்ட பெண்ணுக்கு அதோடு அண்ணன் தம்பி சீர் நின்றுபோகும். சட்டம் பங்கு உண்டு என்று என்றைக்கோ சொல்லிவிட்டது. கேட்டவளுக்கு ஊர் வைக்கிற பேர் மட்டும் மாறவில்லை.

“அட, இதுக்கா?” என்றாள் தட்டு வைத்திருந்த ஒருத்தி.

“பொண்ணு விசேஷத்துலயா பங்கு கேப்பாங்கோ? நல்லா கேட்டா போ” என்றாள் இன்னொருத்தி.

கஸ்தூரி வாயைத் திறந்தாள். பொய், நான் கேட்கவே இல்லை என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? பின்னே எதுக்காக அவனை வெளியே நிற்க வைத்தாய் என்று வரும். அதற்கு என்ன பதில் சொல்வாள்? பதில் தாழ்ப்பாள் போட்ட அறையில், மாம்பழ மஞ்சள் பாவாடையில் உட்கார்ந்திருக்கிறது.

அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆமா” என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “சொத்துதான். பங்கு குடுக்காதவன் சீர் என் வூட்டுக்கு வாணாம். எடுத்துக்கினு போ.”

“ச்சீ” என்று ஒரு குரல் வந்தது. ஒருத்தி தட்டை கேட்டுக்கு வெளியே தரையில் டங்கென்று வைத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். பணப்பேய், தம்பியைத் தின்னப் பார்க்கிறாள், பெண்ணுக்கு இப்படி ஒரு தாயா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும் என்று கஸ்தூரி கல்லாக நின்றாள். உள்ளுக்குள் எரிந்தது. அவள் இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளாக யாரிடமும் ஒரு கைப்பிடி அரிசி கடன் கேட்டதில்லை.

வரதனுக்குப் பழைய சிரிப்பு திரும்பி வந்தது. கேட்டை நெருங்கி வந்தான். “பொண்ண வெளிய அனுப்பு. மாலைய மட்டும் போட்டுட்டுப் போயிடறேன்” என்றான்.

கஸ்தூரி கம்பிக்கு அந்தப் பக்கம் அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். “இன்ஸ்பெக்டரம்மா வந்துக்கினு கீறாங்க. நின்னு போட்டுட்டே போ.”

அவன் மாலையை அப்படியே கீழே போட்டுவிட்டு வேனைப் பார்த்து நடந்தான். ஓட வெட்கப்பட்ட நடை அது.

கூட்டம் கலையத் தொடங்கியது. கஸ்தூரி கொக்கியைத் தளர்த்தி, தமிழரசனை மட்டும் உள்ளே விட்டாள்.

“கேமரால கீற கார்டக் கயட்டிக் குடு.”

“யக்கா, அவங்க புக் பண்ணது…”

“என் வூட்டு வாசல்ல எடுத்தது. குடு.”

அவள் கேட்ட தோரணையில் அவர் மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

சற்று நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. நூல்புடவை கட்டிய ஒரு அம்மாள் இறங்கி வந்தார். விசேஷத்துக்கு வந்தவர் என்று நினைத்து வாசலில் இருந்த ஒரு பெண் சந்தனத்தை நீட்டினாள். இன்ஸ்பெக்டர் திலகா மரியாதைக்குத் தொட்டுக்கொண்டு உள்ளே வந்தார். கஸ்தூரி அவரை நடுக்கூடத்துக்கு அழைத்துப் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். வீரமாகத்தான் சொன்னாள். அவனை உள்ளே விடவில்லை, போட்டோ எடுக்க விடவில்லை, பிள்ளை பேரும் வெளியே வரவில்லை.

இன்ஸ்பெக்டரின் முகம் மலரவில்லை.

“சொத்துன்னு நீங்களே சொன்னீங்களா? கேமரா ஓடும்போதா?”

“ஆமா மேடம். வேற இன்னா சொல்றது?”

“ஜாமீன் கேக்கும்போதே அவன் வக்கீல் அதத்தான் சொன்னார் கஸ்தூரி. சொத்துத் தகராறு, அதுக்காக அக்கா பொய்க் கேஸ் போட்டிருக்குன்னு. ஆதாரம் ஒண்ணும் இல்ல, அதனால எடுபடல. இப்ப அந்த ஆதாரத்த நீங்களே உங்க வாயால குடுத்துட்டீங்க.”

கஸ்தூரி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மகளை மறைக்க எடுத்த போர்வையை அவன்தான் அவள் கையில் கொடுத்திருக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது. பாவி, யோசித்தே கொடுத்திருக்கிறான்.

“கார்டு என்கிட்டதான் கீது” என்று முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்தாள்.

“அதுலயும் ஒண்ணு இருக்கு. அவன் இந்த வாசல்ல வந்து நின்னதுக்கு ஊர்ல எவனும் சாட்சி சொல்ல மாட்டான். அந்த வீடியோதான் சாட்சி. அத வச்சி அவன் ஜாமீன ரத்து பண்ணச் சொல்லலாம். ஆனா நான் எடுத்துட்டுப் போனா முழுசாத்தான் கோர்ட்டுக்குப் போகும். நீங்க பேசினதும் அதுல இருக்கும்.”

கஸ்தூரி கார்டைக் கையில் வைத்துப் பார்த்தாள். விரல் நகம் அளவு இருந்தது. அடுப்பில் போட்டால் ஒரு நிமிஷம். அவன் வெளியே திரிவான், ஆனால் அவள் சொன்ன வார்த்தையும் சாம்பலாகிவிடும்.

அறைக் கதவு திறந்தது. பாதி தைத்த ஜடையோடு கீர்த்தி நின்றாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை.

“மா, நீ ஏன் பொய் சொன்ன?”

“உனக்காகத்தாண்டி.”

“நான் யார்கிட்டயும் பொய் சொல்லலியே மா.” அவள் அழவில்லை. “எல்லார்கிட்டயும் நடந்ததத்தான் சொன்னேன். திங்கக்கிழமையும் அதத்தான் சொல்வேன். நீயும் சொல்லு. ஏன் பொய் சொன்னேன்னு ஜட்ஜம்மா கேட்டா, அதையும் சொல்லு.”

கஸ்தூரிக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அடித்தது சரிதான் என்றும் இருந்தது. எழுந்து இன்ஸ்பெக்டரின் கையில் கார்டை வைத்தாள்.

“எடுத்துக்கினு போங்க மேடம். முழுசாவே போட்டுக் காட்டுங்க. கூண்டுல நின்னு நான் சொல்லிக்கறேன்.”

இன்ஸ்பெக்டர் அதைப் பத்திரமாக ஒரு கவரில் போட்டார். இப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது.

“பயப்படாதீங்க. இதுக்கு வழி இருக்கு. நீங்க சொன்னா மட்டும், தப்பிக்கறதுக்குச் சொல்றீங்கன்னு வக்கீல் பிடிச்சிப்பார். உங்க வீட்டுக்காரரும் ஏறி, எங்க வீட்ல சொத்துப் பேச்சே கிடையாதுன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அவரும் திங்கக்கிழமை சாட்சிதானே? கூப்பிடுங்க, நானே பேசறேன்.”

கஸ்தூரி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். பந்தலில் காலி நாற்காலிகள் கிடந்தன. பாண்டுரங்கன் செய்யாறு வீட்டாரைச் சமாதானப்படுத்திக்கொண்டு தெருவில் நின்றார். கேட்டுக்கு வெளியே வைத்திருந்த தட்டுகளில் ஒன்றுகூட இல்லை.

“உங்கண்ணன் எங்க பிருந்தா?”

பிருந்தா கீர்த்தியின் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினாள்.

“ஜன்னல் வயியாப் பாத்தேன் அண்ணி. அந்தத் தட்டுங்கள எல்லாம் அண்ணன்தான் ஒண்ணொண்ணா எடுத்துக்கினு போயி அவன் வேன்ல ஏத்திச்சு. அப்பால அண்ணனும் ஏறி அவன்கூடவே போயிடுச்சு.”